பீட் சீகரின் பேஞ்சோ: நாட்டுப்புற இசை கைமாறுவது எப்படி?

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் 2014 ஜனவரி 27 அன்று நியூயார்க்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது 94. பத்து நாளுக்கு முன்புகூட விறகு வெட்டிக்கொண்டிருந்தார் என்று அவருடைய பேரன் சொன்னார். பத்திரிகைகள் அவருடைய அரசியலைப் பற்றி எழுதின, அவர் பரப்பிய பாட்டுகளைப் பற்றி எழுதின, ஹட்சன் நதியைச் சுத்தப்படுத்த அவர் பட்ட பாட்டைப் பற்றி எழுதின. ஆனால் பேஞ்சோ வாசிப்பவர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து தொடங்கும். வலது கை முதன்முதலில் பழகிய ஓர் அசைவு, அதைச் சொல்லிக்கொடுத்த ஒரு சிறிய புத்தகம், அந்தப் புத்தகம் யார் மூலமாக வந்தது என்பது. அவர்களுக்குப் பீட் சீகர் மேடையில் நின்ற பெரிய மனிதர் மட்டுமில்லை, தங்கள் விரலுக்குள் இருக்கிற ஒரு பழக்கம்.

ஓர் இசைக்கலைஞரை இப்படியும் நினைக்க முடியுமா? முடியும். நாட்டுப்புற இசை கைமாறும் முறையே அப்படிப்பட்டது. பீட்டின் தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர். பாட்டும் வாசிப்பும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வாழ்வதை அவர் ‘ஃபோக் பிராசஸ்’ என்று குறிப்பிட்டார். அந்தச் சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனவர் மகன். இந்தக் கருத்தை விளக்கப் பேஞ்சோவைவிட நல்ல கருவி கிடையாது என்று நினைக்கிறேன். அதனால் முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம்.

எந்தப் பேஞ்சோ?

நம் ஊரில் பேஞ்சோ என்றதும் சிலருக்குத் தட்டச்சு எந்திரம்போலப் பொத்தான்கள் வைத்த மரப்பெட்டி நினைவுக்கு வரும். மடியில் வைத்து, ஒரு கையால் பொத்தானை அழுத்தி, மறு கையால் தந்தியை மீட்டுவார்கள். அது புல்புல் தரங். இந்தியாவில் அதற்குப் பேஞ்சோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே பேசப்போவது அதைப் பற்றி இல்லை.

அமெரிக்கப் பேஞ்சோவின் உடல் ஒரு வட்ட வளையம். அதன்மேல் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதிலிருந்து நீண்ட கழுத்து, அதில் கிட்டாரில் உள்ளதுபோல ஃபிரெட்டுகள், அதாவது விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள். மரத்துக்குப் பதில் இழுத்துக் கட்டிய தோல் அதிர்வதால் ஒலி சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். நீண்ட நேரம் தங்காது. வாசிப்பவர் தொடர்ந்து ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். பேஞ்சோ வாசிப்பில் இத்தனை குட்டிக் குட்டிச் சுரங்கள் மழையாகக் கொட்டுவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கருவியின் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற கருவி ஒன்று: சுரைக்குடுக்கை, அதன்மேல் தோல், மூன்று தந்திகள், அதில் ஒன்று கட்டைவிரலுக்கென்றே குட்டையாக இருக்கும். அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இப்படிப்பட்ட கருவிகளின் நினைவைக் கரீபியத் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் எடுத்துச் சென்றார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளையர்கள் இதை மேடையேற்றியது 1830களிலும் 1840களிலும். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த நிகழ்ச்சிகள் அவை. கருவியைத் தந்தவர்களையே அவமானப்படுத்தித்தான் அந்தக் கருவி புகழ் பெற்றது. கைமாறுதல் என்பதை அழகான விஷயமாக மட்டும் பேசிவிட முடியாது. சில சமயம் அது பறித்துக்கொள்வதாகவும் இருந்திருக்கிறது. பேஞ்சோ கற்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

சரி, ஐந்து தந்திகளுக்கு வருவோம். நான்கு தந்திகள் கழுத்தின் முழு நீளத்துக்கும் ஓடும். ஐந்தாவது மட்டும் குட்டை. கழுத்தின் பாதி வழியில், ஐந்தாவது ஃபிரெட் பக்கம் உள்ள ஒரு தனி முறுக்காணியிலிருந்து கிளம்பும். வாசிப்பவரின் முகத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கிட்டாரில் அந்த இடத்தில் மிகக் கனமான தந்தி இருக்கும். பேஞ்சோவிலோ மிக உச்சமான சுரம் அங்கே இருக்கிறது. அதை இடது கை பெரும்பாலும் தொடாது. ராகம் எங்கே போனாலும் அது அதே சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் உண்டில்லையா, ராகத்தில் கலக்காமல் தாளத்தையும் சுருதியையும் மட்டும் காட்டிக்கொண்டு? கிட்டத்தட்ட அந்த வேலை.

சுருதி கூட்டும் முறைகள் நிறைய உண்டு. மிகப் பொதுவானது ஜி என்ற மேற்கத்தியச் சுரத்தில் கூட்டுவது. அதைச் ‘ஸ’ என்று வைத்துக்கொண்டால் நான்காவது தந்தியிலிருந்து முதல் தந்திவரை ப, ஸ, க, ப என்று வரும். குட்டைத் தந்தி மேல் ஸட்ஜம். எந்த விரலும் வைக்காமல் தந்திகளை வருடினாலே ஓர் இனிய கூட்டொலி வந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாளிலேயே கேட்கும்படியாக ஏதோ ஒன்று வருகிறது.

ஆஷ்வில்லில் கேட்டது

சீகர் 1919 மே 3 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். அம்மா வயலின் கலைஞர், அப்பா இசைப் பேராசிரியர். வீடு முழுக்க ஐரோப்பியச் செவ்வியல் இசை. பையனுக்கு அந்தப் பாடம் எதிலும் மனம் ஒட்டவில்லை. யுகுலேலி என்ற குட்டிக் கிட்டார் வாசித்தான். பள்ளியில் ஜாஸ் குழுவில் நான்கு தந்தி டெனார் பேஞ்சோ வாசித்தான். அந்தக் காலத்தில் நகரத்தில் பேஞ்சோ என்றால் அதுதான். ஐந்து தந்திப் பேஞ்சோ தென்கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டுக்காரர்களின் பழைய சாமானாக ஒதுங்கிப் போயிருந்தது.

1936இல் அப்பா அவரை வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்துக்குக் கூட்டிப்போனார். பாஸ்கம் லாமர் லன்ஸ்ஃபோர்ட் என்ற வழக்கறிஞர் அங்கே மலைநாட்டு நடனத்துக்கும் பாட்டுக்கும் ஒரு விழா நடத்திவந்தார். அவரே நல்ல பேஞ்சோக்காரர். அந்த விழாவில்தான் 17 வயது சீகர் ஐந்து தந்திப் பேஞ்சோவை நேரில் கேட்டார். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தக் கருவியை விடவில்லை. ஹார்வர்டில் சேர்ந்தார், 1938இல் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டுப்பாடல் காப்பகத்தில், பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். மலைநாட்டு மக்கள் பாடிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கேட்டுப் பொறுக்கி எடுப்பதுதான் வேலை. ஒரு பேஞ்சோ மாணவனுக்கு இதைவிடப் பெரிய பல்கலைக்கழகம் எங்கே கிடைக்கும்? 1940இல் நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரியைச் சந்தித்து, அவரோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றி, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் விரல் வித்தையைக் கேட்டு வாங்கினார்.

அவர் மலைநாட்டில் பிறந்தவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாத்தா மடியில் உட்கார்ந்து கற்றவர் இல்லை. வெளியிலிருந்து வந்து, நின்று, உற்றுப் பார்த்து, திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்றவர். அதனால்தான் ஒரு புதியவனுக்கு எந்த இடத்தில் இடறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பிறந்ததிலிருந்து வாசிப்பவரிடம் போய் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டால், இதோ இப்படித்தான் என்று வாசித்துக் காட்டுவார். சீகரோ அதைப் பிரித்துச் சொல்வார்.

அந்த ஒரு அசைவு

பேஞ்சோ வாசிப்பவர்கள் சீகரின் ‘பேசிக் ஸ்ட்ரம்’ என்று சொல்வது இதைத்தான். கருவி தேவையில்லை, வலது கையை மடியில் வைத்துக்கொண்டே செய்து பார்க்கலாம்.

முதலில் ஆள்காட்டி விரல் ஒரு தந்தியைக் கீழிருந்து மேலாகச் சுண்டும். பாட்டின் மெட்டு வருவது இந்தச் சுண்டலில். அடுத்து, நடுவிரல் அல்லது மோதிர விரலின் நகப்பக்கம் தந்திகளை மேலிருந்து கீழாக வருடிக்கொண்டு போகும். கடைசியில், ஏற்கெனவே குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் அதைத் தட்டிவிடும். சுண்டு, வருடு, தட்டு. மூன்றும் ஒரே நீளம் இல்லை. முதலாவது நீளம், மற்ற இரண்டும் அதில் பாதி பாதி. வாயால் சொன்னால் ‘தாம்… தக, தாம்… தக’. இதில் ‘தாம்’ சுண்டல், ‘த’ வருடல், ‘க’ கட்டைவிரல்.

இவ்வளவுதான். இதை நிறுத்தாமல் பத்து நிமிடம் செய்தால் கை தானாகவே ஓட ஆரம்பிக்கும். அப்புறம் முதல் சுண்டலை வேறு வேறு தந்திக்கு மாற்றினால் பாட்டு வந்துவிடுகிறது. தாளம், பக்கவாத்தியம், மெட்டு மூன்றும் ஒரே கையிலிருந்து. ஒரு பாடகர் தன்னந்தனியாக நின்று கூட்டத்தைப் பாட வைக்க வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்?

இதற்கும் பழைய மலைநாட்டுப் பாணிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிளாஹாமர் அல்லது ஃபிரெய்லிங் என்று சொல்லப்படும் அந்தப் பாணியில் விரல் மேலே சுண்டவே சுண்டாது. மடக்கிய கையின் நகம் கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும். அகோன்டிங் வாசிக்கிற ஜோலா மக்களின் கையும் இப்படித்தான் போகிறது. கடல் கடந்து, நூற்றாண்டுகள் கடந்து அந்த அசைவு பிழைத்திருக்கிறது. சீகரும் அதை வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். ஆனால் புதியவர்களுக்கு அவர் முதலில் கையில் கொடுத்தது மேல்நோக்கிய சுண்டல். சரியான தந்தியைக் குறிபார்த்துக் கீழ்நோக்கி அடிப்பதைவிட அதைச் சுண்டுவது எளிது. மரபில் கறாரானவர்கள் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கு இதில்தான் ஆசிரியர் சீகர் தெரிகிறார்.

இடது கைக்கும் அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின்மேல் இடது விரலைச் சட்டென்று அடித்து வைத்தால், வலது கை தொடாமலே அடுத்த சுரம் பிறக்கும். அதே விரலைத் தந்தியை இழுத்துவிட்டபடி எடுத்தால் பழைய சுரம் திரும்பும். ‘ஹாமர் ஆன்’, ‘புல் ஆஃப்’ என்று இன்று உலகில் கிட்டார் கற்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் சொல்கிறார்களே, அந்தப் பெயர்கள் புழக்கத்துக்கு வந்தது சீகரின் புத்தகத்தால்தான். உத்தி பழையது. மலைநாட்டில் அதைச் செய்யாதவர் இல்லை. ஒரு பெயர் வைத்து, எழுதிக் காட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வைத்தது அவர்.

சைக்ளோஸ்டைல் புத்தகம்

1948இல் சீகர் ஐந்து தந்திப் பேஞ்சோவை வாசிப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதி, சைக்ளோஸ்டைல் முறையில் நகலெடுத்து வெளியிட்டார். பளபளப்பு எதுவும் இல்லாத புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதியிருப்பார். சுரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களுக்காக டேப்லேச்சர் என்ற எழுத்துமுறையைப் பயன்படுத்தினார்: தந்திக்கு ஒரு கோடு, கோட்டின்மேல் எந்த ஃபிரெட் என்று எண். பிறகு திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் வந்தன. 1954இல் ஃபோக்வேஸ் நிறுவனம் பேஞ்சோ பாடத்தை இசைத்தட்டாகவும் வெளியிட்டது.

அந்தக் காலத்தில் ஐந்து தந்திப் பேஞ்சோ கற்க வேண்டுமென்றால் வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கென்டக்கியிலோ வட கரோலினாவிலோ பிறந்தவருக்கு அது நடக்கும். புரூக்ளினிலோ சான் ஃபிரான்சிஸ்கோவிலோ இருக்கிற ஒரு மாணவனுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த இடத்தை இந்தக் கையேடு நிரப்பியது. ஒரு தலைமுறைப் பேஞ்சோக்காரர்கள் தாங்கள் தொடங்கியது இந்தப் புத்தகத்தில் என்று நன்றியோடு சொல்வது இதனால்தான்.

கருவியையும் அவர் மாற்றினார். தன் குரலுக்கு ஏற்றபடி தாழ்ந்த சுருதியில் பாட வேண்டியிருந்தது. ஆனால் பழகிய விரல் நிலைகளை மாற்றவும் மனமில்லை. கழுத்தை மூன்று ஃபிரெட் நீளமாக்கிவிட்டார். வழக்கமாக 22 இருக்கும் இடத்தில் 25. வேகா நிறுவனம் பிற்பாடு அவர் பெயரிலேயே இந்த நீள்கழுத்துப் பேஞ்சோவைத் தயாரித்து விற்றது. ஒல்லியான நெட்டை மனிதர், தலையைப் பின்னால் சாய்த்துப் பாடுகிறார், கையில் அந்த நீளக் கழுத்து. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் கருவியும் ஆளும் ஒரே வார்ப்பு மாதிரி இருக்கும்.

ஒரு சங்கிலி

இந்தக் கையேடு எப்படிக் கைமாறியது என்று ஒரே ஒரு வழியை மட்டும் தொடர்ந்து போய்ப் பார்ப்போம்.

டேவ் கார்ட் என்ற இளைஞர் சீகரின் புத்தகத்தை வைத்துப் பேஞ்சோ கற்றார். அவர் இருந்த கிங்ஸ்டன் டிரையோ குழு 1958இல் அமெரிக்கா முழுக்கப் புகழ் பெற்றது. அவர் கையிலும் சீகர் பாணி நீள்கழுத்துப் பேஞ்சோதான். அடுத்த ஆண்டு அந்தக் குழு பாஸ்டன் சுரங்க ரயிலைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாட்டு வெளியிட்டது. 1963இல் சிரக்கியூஸ் நகரத்தில் டோனி டிரிஷ்கா என்ற பையன் அந்தப் பாட்டைக் கேட்கிறான். பேஞ்சோ ஆசை அவனுக்கு அங்கேதான் பிறந்தது. அவர் வளர்ந்து பெரிய வித்துவான் ஆனார், ஆசிரியர் ஆனார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் பேலா ஃபிளெக். அந்த பேலா ஃபிளெக்தான் பேஞ்சோவை ஜாஸ், மேற்கத்தியச் செவ்வியல் என்று எங்கெல்லாமோ கொண்டுபோனவர். 2023இல் ஜாகிர் உசேன், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா ஆகியோரோடு அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பு அடுத்த ஆண்டு கிராமி விருது வாங்கியது. தபலாவும் புல்லாங்குழலும் பேஞ்சோவும் ஒன்றாக ஒலிக்கின்றன. சீகரின் வாசிப்பு அதில் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் வந்த வழியில் அவர் இருக்கிறார்.

இங்கே நியாயமாக இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். வட கரோலினாக்காரரான எர்ல் ஸ்க்ரக்ஸ். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் இடைவிடாமல் உருட்டி உருட்டி வாசிக்கும் முறையை மெருகேற்றி, 1945இல் பில் மன்றோ குழுவில் சேர்ந்து, புளூகிராஸ் என்ற வேகமான மலைநாட்டு இசைவகையின் ஒலியையே தீர்மானித்தவர். பேலா ஃபிளெக்குக்குச் சிறுவயதில் பொறி தட்டியது தொலைக்காட்சியில் ஸ்க்ரக்ஸின் பேஞ்சோவைக் கேட்டுத்தான். இன்று மேடையில் மின்னல் வேகத்தில் வாசிக்கிறவர்களின் விரலில் இருப்பது பெரும்பாலும் ஸ்க்ரக்ஸ் பாணி. வேகத்தையும் நுட்பத்தையும் வைத்துப் பார்த்தால் சீகர் அவருக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார். ஸ்க்ரக்ஸைக் கேட்டவர்கள் வாய்பிளந்து நின்றார்கள். சீகரைக் கேட்டவர்களோ இதை நானும் செய்யலாம் போலிருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்க் கருவி தேடினார்கள். ஒரு கருவி உயிரோடு இருக்க இரண்டு பேரும் வேண்டும். ஆனால் பேஞ்சோக்காரர்கள் சீகரைப் பற்றிப் பேசும்போது குரலில் வருகிற அந்தத் தனி ஒட்டுதலுக்குக் காரணம் இதுதான்.

புத்தகம் இல்லாமலும் சங்கிலி நீளும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் பேஞ்சோ வாசிக்கும் கறுப்பினப் பாடகி ரியானன் கிடன்ஸ். அவரும் நண்பர்களும் வட கரோலினாவின் மீபேன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பினப் பிடில் கலைஞரின் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து கற்றார்கள். 2005இல் கரோலினா சாக்லெட் டிராப்ஸ் என்ற குழு உருவானது. பறிபோன கருவி அதற்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகளின் கையில் மறுபடி பெருமையோடு ஒலிக்கிறது.

பாட்டும் அப்படித்தான் மாறுகிறது

விரலசைவு கைமாறுவதைப் பார்த்தோம். பாட்டு கைமாறுவதற்கு, நம்மில் பலர் பள்ளியில் பாடிய ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்: ‘வீ ஷல் ஓவர்கம்’. இந்திப் பள்ளிகளில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’.

1945, 46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் புகையிலை ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தபோது தேவாலயப் பாட்டு ஒன்றைப் போராட்டப் பாட்டாக்கிப் பாடினார்கள். லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அதை மிக மெதுவாக இழுத்துப் பாடுவாராம். டென்னசியில் ஹைலாண்டர் என்ற தொழிலாளர் பள்ளியில் ஜில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுக்கொண்டு, 1947இல் சீகருக்குச் சொல்லிக்கொடுத்தார். சீகர் பேஞ்சோவுக்கு ஏற்றபடி தாளம் கொடுத்தார், சில அடிகள் சேர்த்தார். ஃபிராங்க் ஹாமில்டன், கை கேரவன் என்று இன்னும் சிலர் கையில் அது மாறியது. 1960இல் கேரவன் அதை ராலே நகரில் கூடிய மாணவர் போராளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்து அது உலகத்துக்கே போனது.

யார் எழுதியது என்றால் பதில் இல்லை, எல்லாரும்தான். அதில் வந்த காப்புரிமைப் பணத்தைச் சீகரும் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளவில்லை. ஹைலாண்டர் வழியாகத் தென்மாநிலக் கறுப்பினச் சமூகங்களின் பணிகளுக்குப் போகும்படி ஒரு நிதியாக வைத்தார்கள். ஃபோக் பிராசஸ் என்பதை வெறும் கருத்தாகப் பேசாமல், பணம் வந்த இடத்திலும் அதன்படியே நடந்துகொண்டார் என்பதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கதவு மூடியபோது

சீகரின் வீவர்ஸ் குழு 1950இல் 13 வாரம் பாடல் வரிசையில் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் கம்யூனிஸ்ட் வேட்டை வந்தது. குழு கறுப்புப் பட்டியலில் சேர்ந்தது, வாய்ப்புகள் நின்றன. 1955 ஆகஸ்டில் நாடாளுமன்ற விசாரணைக் குழு சீகரை அழைத்தது. என் கொள்கை, என் மதம், யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்றெல்லாம் கட்டாயப்படுத்திக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். வேண்டுமானால் நான் பாடும் பாட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றார். அவமதிப்பு வழக்கு. 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. 1962இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் 1967 வரை அவரை உள்ளே விடவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் எங்கே போனார்? பள்ளிகளுக்கு, கல்லூரிகளுக்கு, கோடை முகாம்களுக்கு, தேவாலயக் கூடங்களுக்கு. கிடைத்த சிறு தொகைக்குப் பாடினார். டோஷி, அவருடைய மனைவி, நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்து, பிள்ளைகளை வளர்த்து, நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் ஊரில் தாங்களே கட்டிய மரவீட்டைக் காத்தார். டோஷி இல்லாமல் சீகரின் வாழ்க்கை ஒரு வருடம்கூட ஓடியிருக்காது. பெரிய மேடையிலிருந்து விரட்டப்பட்டதால் அவர் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைநீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்தார். அந்தக் கூடங்களில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் பத்து வருடம் கழித்துக் கிட்டாரும் பேஞ்சோவும் எடுத்தார்கள்.

1965, 66இல் ஓர் உள்ளூர் அலைவரிசையில் ‘ரெயின்போ குவெஸ்ட்’ என்று 39 நிகழ்ச்சிகள் செய்தார். எலிசபெத் காட்டன், மிசிசிப்பி ஜான் ஹர்ட், ராஸ்கோ ஹோல்கம் போன்றவர்களைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து அவர்கள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரறிந்த ஆசிரியர் அப்போதும் மாணவராகத்தான் இருந்தார்.

அவருடைய பேஞ்சோவின் தோலில் வட்டமாக ஒரு வாசகம் எழுதியிருந்தது: இந்தக் கருவி வெறுப்பைச் சுற்றி வளைத்துச் சரணடைய வைக்கும் என்று. நண்பர் உட்டி கத்ரி தன் கிட்டாரில் இது பாசிஸ்டுகளைக் கொல்லும் என்று எழுதியிருந்தார். சீகர் அதை வாங்கித் தன் குணத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். இதுவும் ஃபோக் பிராசஸ்தான். இன்று பேஞ்சோ வாசிப்பவர்கள் சிலர் தங்கள் கருவியில் அவரவர் வாசகத்தை எழுதிக்கொள்கிறார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

வாங்கும்போது ஐந்து தந்தி என்று கேட்டு வாங்குங்கள்; நான்கு தந்தி டெனார் பேஞ்சோவில் மேலே சொன்ன எதையும் வாசிக்க முடியாது, அதில் குட்டைத் தந்தியே இல்லை. நீள்கழுத்து முதலில் வேண்டாம். கனமாக இருக்கும், சின்னக் கை உள்ளவர்களுக்கு எட்டாது. சாதாரணக் கழுத்தே போதும். நகம் கொஞ்சம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் விரல் நுனியில் தொடங்கலாம்.

கருவி வருவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ரெயின்போ குவெஸ்ட் நிகழ்ச்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, பாட்டை விட்டுவிட்டு, சீகரின் வலது கட்டைவிரலை மட்டும் பாருங்கள். அது எப்போது குட்டைத் தந்திக்கு வருகிறது, எவ்வளவு நேரம் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். தட்டுவதற்கு வெகு முன்பே அது அங்கே போயிருக்கும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கடைசி நொடியில் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், தாளம் தவறும். வருடலின்போதே கட்டைவிரல் தந்தியில் இளைப்பாறட்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.